வருத்தம் தெரிவித்தார்கள்

அந்தப் பேப்பரைப் படிச்சி முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் மடிச்சி வெச்சிடுங்க தம்பி, காத்துல என் மூஞ்சியில அடிக்குது. இல்ல, படிக்கிறதுன்னா படிங்க. முதல் பக்கத்துல கீழ போட்டிருக்கானே, 'எல்லைப் பேச்சு: படைகளை விலக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன'ன்னு, அது வரைக்கும் நானும் எட்டிப் பாத்துட்டேன். அந்த 'ஒப்புக்கொண்டன' முதல்ல யார் வாயிலேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? ஜெனரல் வாயிலேர்ந்தா? மந்திரியா? கிடையாது. நடுவுல ஒருத்தன் உக்காந்திருப்பான். போட்டோவுல விழ மாட்டான். அவன் ஒப்புக்கொண்டாங்கன்னு சொன்னாத்தான் ஒப்புக்கொண்டது.

நான் அந்த மாதிரி நடுவுல உக்காந்தவன்.

பேரு எத்திராஜ். ஊரு போளூர் பக்கம். பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து வெளிய வந்தேன். இந்த மணிக்கட்டு கோணலா இருக்குதே, டிக்கெட் வாங்கறப்பவே பாத்தீங்க, கேக்கறதுக்குக் கூச்சப்பட்டீங்க. அதையும் சொல்றேன். மதுரை வர வரைக்கும் நேரம் கிடக்குது.

எனக்குக் காது நல்லா இருக்குன்னு பட்டாளத்துலதான் கண்டுபிடிச்சாங்க. இந்தி ஆறு மாசத்துல வந்துடுச்சி. அப்பால சீன பாஷை படிக்கிறியான்னு கேட்டு ரெண்டு வருஷம் ஸ்கூல்ல போட்டாங்க. முப்பத்திரெண்டு பேர் சேந்தோம், பாஸ் பண்ணது ஒன்பது பேர். அதுல நான் மூணாவது. 'மா'ன்னு ஒரே சத்தத்தை நாலு விதமா இழுத்தா நாலு அர்த்தம் அதுல. அம்மா, சணல், குதிரை, திட்டறது. ஒரு இழுப்பு தப்பினா அம்மாவைக் குதிரைன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நான் தப்பினதே இல்ல. வாத்தியாரே சொல்லியிருக்காரு.

அப்பால என்னை மேல அனுப்பிச்சாங்க. லடாக் பக்கம், பதினாலாயிரம் அடி. ஆத்தோட பேரு கேக்காதீங்க, சொல்லக்கூடாது. அங்க கோடுன்னு ஒண்ணும் கிடையாது தம்பி. சீனாக்காரன் ஒரு கோடு சொல்லுவான், நாம ஒரு கோடு சொல்லுவோம், நடுவுல அந்த ஆறு. சுடக்கூடாதுன்னு ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம். அதனால எதுத்தாப்புல நின்னு கத்துவோம், தள்ளிக்குவோம், பேனரைத் தூக்கிக் காட்டுவோம். 'இது எங்க இடம், திரும்பிப் போ'ன்னு. அப்பால டென்ட்டுல உக்காந்து பேசுவோம். பேசறப்போ நான் வேணும்.

முதல் வருஷம் நான் போனப்போ அவன் பக்கம் கழுதை நடக்கிற பாதை. மூணாவது வருஷம் தார் ரோடு. அப்பால டவர், கண்ணாடி ஜன்னல் வெச்ச பாரக்ஸ். நாங்க மண்ணெண்ணெய் அடுப்பைச் சுத்தி உக்காந்துக்கினு அதைப் பாப்போம். எட்வின் ஒருத்தன் இருந்தான், நாயக் ரேங்க். கருங்கல்காரன், கன்னியாகுமரி ஜில்லா. பம்ப் மெக்கானிக். தண்ணிக் குழா உறையாம பாத்துக்கறது அவன் வேலை. அவன் சொல்லுவான், "லேய் எத்திராசு, அவன் ரோடு போடுத வேகத்தப் பாத்தா எங்க ஊர்ச் சந்தைக்கே வந்துருவான் போலிருக்கே." எல்லாரும் சிரிப்போம். சிரிச்சிட்டு மறுபடியும் அந்த ரோட்டைத்தான் பாப்போம்.

அந்த பட்டாலியன்ல மலையாளமும் தெலுங்கும்தான் ஜாஸ்தி. தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான்.

அந்த வருஷம் மே மாசம் பனி உருகினதும் ஆறு வளையற இடத்துல அவன் ஒரு டென்ட் போட்டான். பச்சைக் கலர், பெரிசு. சுத்தி இடுப்பு உசரத்துக்குக் கல்லு அடுக்கிட்டான். அது நம்ம ரோந்து போற வழி. உடனே மீட்டிங். எங்க பக்கம் கர்னல் தேஷ்முக். நல்ல மனுஷன், ஆனா கோவக்காரரு. அவங்க பக்கம் ஒரு கர்னல், வயசானவரு, பேசறப்போ மேசையை மட்டும்தான் பாப்பாரு. அவங்க மொழிபெயர்ப்பாளன் பேரு லின். லெப்டினன்ட். சின்ன வயசு. பீகிங்ல இந்தி படிச்சவன். சுத்தமான இந்தி தம்பி, நம்ம ஆளுங்களுக்கே அவ்வளவு சுத்தம் வராது.

முறை என்னன்னா, அவங்க கர்னல் பேசறதை நான் இந்தியில நம்ம கர்னலுக்குச் சொல்லணும். நம்ம கர்னல் பேசறதை லின் சீனத்துல அவங்களுக்குச் சொல்லணும்.

பத்து மீட்டிங் நடந்துச்சி. ஒண்ணும் நகரல. பதினோராவது மீட்டிங் அன்னிக்கு காலையிலேயே மேலேர்ந்து போன் மேல போன். பெரிய இடத்துல ரெண்டு மந்திரிங்க சந்திக்கப் போறாங்களாம், அதுக்கு முன்னாடி ஒரு நல்ல சேதி வேணுமாம். கர்னல் டென்ட்டுக்கு வெளிய என் தோள்ல கை போட்டு, "எத்திராஜ், இன்னிக்கு எனக்கு ஒரு 'ஆமா' வேணும்"னாரு. அது வரைக்கும் அவர் என்னைத் தொட்டுப் பேசினது கிடையாது.

உள்ள மூணு மணி நேரம். கடைசியா அந்த வயசானவரு மேசையைப் பாத்துக்கினே ஒரு வாக்கியம் சொன்னாரு. "வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள டென்ட்டை எடுக்கிறதைப் பத்தி பரிசீலிக்கிறோம்." அவங்க பாஷையில 'காவ்லூ'ன்னு ஒரு வார்த்தை. யோசிக்கிறோம், பரிசீலிக்கிறோம்.

நம்ம கர்னல் என் பக்கம் திரும்பினாரு. நான் இந்தியில சொன்னேன், "வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள டென்ட்டை எடுத்துடறாங்க, சாப்."

நீங்க அப்படிப் பாக்காதீங்க. இத பாருங்க, பாஷைன்னா டிக்‌ஷனரி இல்ல. ஒரு ஆளு பத்து மீட்டிங்ல 'முடியாது முடியாது'ன்னு சொல்லிட்டு பதினோராவதுல 'பரிசீலிக்கிறோம்'னா என்ன அர்த்தம்? தேதி வேற சொல்றான். எடுக்கப் போறான்னு அர்த்தம். அவனுக்கு நேராச் சொல்ல வெக்கம். நான் அர்த்தத்தைச் சொன்னேன். வெறும் வார்த்தையைச் சொல்றதுக்கு மெஷின் போதுமே, நான் எதுக்கு?

கர்னல் முகம் மலந்துடுச்சி. கைகுலுக்கினாங்க. சாக்லேட் குடுத்தாங்க. நான் நோட்டுல எழுதினேன், 'வியாழன் மாலைக்குள் டென்ட் அகற்றப்படும்'னு.

வெளிய வரப்போ லின் என் பக்கத்துல வந்தான். சிகரெட் பத்த வெக்கற மாதிரி குனிஞ்சிக்கினு இந்தியில சொன்னான். "அண்ணா, எங்க கர்னல் 'யோசிப்போம்'னு சொன்னாரு. 'எடுத்துடுவோம்'னு சொல்லல. போய் மாத்திச் சொல்லிடுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் என் சீனத்தைத் திருத்தறான். ரெண்டு வருஷம் ஒப்பிச்சவன் நான். அவன் என் வயசுல பாதி. நான் சொன்னேன், "உன் வேலையை நீ பாரு." அவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான். அந்த ரோடு, அந்த டவர், அந்தக் கண்ணாடி ஜன்னல், எல்லாம் சேந்து அவன் பார்வையில இருந்துச்சி தம்பி. நமக்கெல்லாம் சொல்லிக் குடுக்க வந்துட்டானுங்க.

கர்னல்கிட்ட சொன்னேனான்னு கேக்கறீங்களா? எதுக்குச் சொல்லணும்? அவரு அதுக்குள்ள மேல போன் பண்ணிட்டாரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக்கப் போனோம். டென்ட் போயிருக்கும், இடத்தைப் பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்துக்கினு வரணும், அவ்வளவுதான் ஆர்டர். முப்பத்தோரு பேர். ஷீல்டு எடுக்கல, தடுப்புக் கவசம் எடுக்கல. காலி பண்ணிட்டுப் போன இடத்துக்கு எதுக்கு அதெல்லாம்? சிலபேர் கையில நடக்கிற தடி, அவ்வளவுதான். எட்வினுக்கு அன்னிக்கு டூட்டியே இல்ல. நான்தான் கூப்பிட்டேன். "வாடா, வெயில் நல்லா இருக்குது, ஆத்தைப் பாத்துட்டு வரலாம்"னு. அவன் கைய கிரீஸ் துணியில தொடச்சிக்கினே கேட்டான், "உறுதியாட்டுதான் சொன்னானாடே? எடுத்துருவானா?"

"என் காதால கேட்டேன்டா"ன்னேன்.

"அப்ப சரி"ன்னு தொப்பியைப் போட்டுக்கினு வந்தான்.

வளைவு திரும்பினா டென்ட் நிக்குது. பச்சையா, அப்படியே. கல்லு இன்னும் ஒரு அடி ஏத்தியிருக்கான். பத்துப் பன்னெண்டு பேர் வெளிய இருந்தாங்க. அந்த வயசானவரு இல்ல. ஒரு மேஜர், புதுசு. லின் இருந்தான். கர்னல் என்கிட்ட, "கேளு, ஏன் எடுக்கலன்னு கேளு"ன்னாரு. கேட்டேன். அந்த மேஜர் சொன்னான், "எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வரல. யோசிக்கிறதாத்தான் சொன்னாங்க."

நான் கர்னலுக்குச் சொன்னேன், "உத்தரவு வரலன்றான் சாப்." ரெண்டாவது பாதியைச் சொல்லல. அங்க நின்னு இலக்கணமா பேசிக்கினு இருக்க முடியும்?

கர்னலுக்கு முகம் கருத்துப்போச்சி. வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தறான்னு நினைச்சாரு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. அவரே நேரா போய் டென்ட் கயித்தைப் பிடிச்சி இழுத்தாரு. நம்ம பசங்க நாலு பேர் கூடச் சேந்து இழுத்தாங்க. ஒரு பக்கம் சாஞ்சிது. அவங்க ஆளு ஒருத்தன் கர்னலைப் பிடிச்சித் தள்ளினான். அவர் மல்லாக்க விழுந்தாரு. கமாண்டரே கீழ விழறதைப் பாத்தா சும்மா இருப்பாங்களா முப்பது பேரு? பிடிச்சி அடிச்சோம். கையால, காலால, தடியால. அஞ்சு நிமிஷத்துல அந்தப் பத்துப் பேரையும் உருட்டிட்டோம். டென்ட்டுக்கு நெருப்பு வெச்சிட்டோம். ஜெயிச்சிட்டோம்னு நினைச்சோம்.

அப்போதான் மேட்டுக்குப் பின்னாடியிலேர்ந்து வந்தாங்க. எவ்வளவு பேர்னு எண்ண முடியல. நூறு இருக்கலாம், ஜாஸ்தி இருக்கலாம். ஹெல்மெட், ஷீல்டு. கையில இரும்புத் தடி, அதுல ஆணி வெல்டிங் பண்ணியிருந்துச்சி. மேலேர்ந்து கல்லு உருட்ட ஆரம்பிச்சாங்க. எங்க சுபேதார் மூஞ்சியில ஒரு கல்லு விழுந்துது. அவருக்கு மூக்குன்னு ஒண்ணு இல்லாம போச்சி. அப்படியே உக்காந்தவரு எழுந்திருக்கல.

துப்பாக்கி இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் தம்பி. துப்பாக்கி இல்லாத சண்டை இருக்குதே, அது முடியவே முடியாது. அடிச்சிக்கினே இருக்கணும். மூச்சு வாங்குது, அந்த உசரத்துல காத்தே இல்ல, ஒரு அடி அடிச்சா நெஞ்சு வெடிக்குது, நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடியும் அடிக்கணும். எதுத்தாப்புல இருக்கிறவனும் அப்படியே வாயைத் திறந்துக்கினு மூச்சு வாங்கறான். அவன் நாக்கு தெரியுது. மூச்சு வந்ததும் ரெண்டு பேரும் மறுபடியும் அடிக்கிறோம். ஒருத்தன் என் மேல விழுந்து என் காதைக் கடிச்சான். நான் அவன் கண்ணுல விரலை விட்டேன். அவன் 'மா'ன்னு கத்தினான். சரியான இழுப்பு. அம்மான்னு கூப்பிட்டான்.

கர்னலுக்குக் கை ஒடைஞ்சி தொங்குது, இன்னொரு கையில கல்லு வெச்சிருக்காரு. எட்வின் என் முதுகோட முதுகா நின்னான். பைப் ரெஞ்சு வெச்சிருந்தான், எப்பவும் பெல்ட்டுல சொருகிக்கினு இருப்பான். அதை வெச்சி ஒரு ஷீல்டை அப்பளமா நொறுக்கினான். "எத்திராசு, பின்னால போவாத, ஆறு இருக்கு!"ன்னு கத்திக்கினே அடிச்சான்.

அந்தக் களேபரத்துல ஒரு குரல் கேட்டுது. சுத்தமான இந்தியில. "ருக்கோ! ருக்கோ! மத் மாரோ!" நிறுத்துங்க, அடிக்காதீங்கன்னு. அப்பால அதையே சீனத்துல அவன் ஆளுங்களைப் பாத்துக் கத்தினான். மறுபடியும் இந்தியில எங்களைப் பாத்து. லின்தான். கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் விரிச்சிக்கினு நடுவுல நிக்கறான். உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் நின்னாங்க. முன்னாடி வரிசையில இருந்தவனுங்க கையை இறக்கினாங்க. எல்லாருக்கும் மூச்சு வாங்கிச்சி, அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல.

லின் என்னைப் பாத்தான். என்னைப் பாத்து இந்தியில, "சொல்லுங்க அண்ணா, உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க! அன்னிக்கு எங்க கர்னல் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க!"ன்னு கத்தினான்.

அத்தனை பேர் முன்னாடி. கர்னல் முன்னாடி.

என் கையில ஒரு கல்லு இருந்துது. ஒரு தேங்காய் அளவு. அவன் வாயிலேயே அடிச்சேன். தாடை ஒடையற சத்தம் கேட்டுது தம்பி, காஞ்ச மட்டையை முறிச்ச மாதிரி. மறுபடியும் வாயைத் திறந்தான், வார்த்தை வரல, பல்லும் ரத்தமும் வந்துச்சி. இன்னொரு தடவை அடிச்சேன். விழுந்தான்.

சண்டைன்னா சண்டைதானே. எதிரி எதிரிதானே. விசாரணையிலயும் இதைத்தான் சொன்னேன். ஒருத்தரும் தப்புன்னு சொல்லல.

அவங்க ஆபீசர் விழுந்ததைப் பாத்ததும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பிச்சி, மாட்டுக் கூட்டம் கிளம்பின மாதிரி. எல்லாரும் ஒண்ணா வந்து மோதினாங்க. எங்களை அப்படியே பின்னாடி தள்ளினாங்க. ஆத்தங்கரை வெறும் சரளை, பனி உருகி உள்ள அரிச்சிப் போயிருந்துச்சி. ஒரு பத்தடி நீளத்துக்கு அப்படியே ஆளோட சரிஞ்சிது. நம்மாளும் போனான், அவனாளும் போனான். தண்ணி எப்படி ஓடுதுன்னா, ஒருத்தன் விழுந்தா அடுத்த நிமிஷம் அவன் தலை அம்பது அடி தள்ளித் தெரியுது.

எட்வினும் சரிஞ்சான். இடுப்பு வரைக்கும் தண்ணியில, கை மட்டும் கரையில. நான் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடிச்சேன். பிடிச்சிட்டேன் தம்பி. நல்லாப் பிடிச்சிட்டேன். அவன் உதடு நீலமா போச்சி. என்னைப் பாத்து, "எடுத்துருவான்னு சொன்னியேடே"ன்னான். கோவமா இல்ல. சும்மா கேக்கற மாதிரி. குளிர்ல அவனுக்குப் புத்தி தடுமாறிடுச்சின்னு நினைக்கிறேன்.

மேலேர்ந்து ஒருத்தன் இரும்புத் தடியால இந்த மணிக்கட்டுல போட்டான். எலும்பு ரெண்டும் போச்சி. விரல் தானா விரிஞ்சிடுச்சி. நான் விடல. விரல்தான் விட்டுது.

பொழுது சாஞ்சப்போ ரெண்டு பக்கமும் தானா ஓஞ்சி போச்சி. எங்க பக்கம் செத்தது ஆறு பேர். அவங்க பக்கம் நாலு பேர்னு அப்பால தெரிஞ்சிது. ரெண்டு நாள் கழிச்சி கீழ, அவங்க பக்கத்துல, மணல் திட்டுல எட்வின் ஒதுங்கியிருந்தான். பைப் ரெஞ்சு கையில இல்ல, பெல்ட் மட்டும் இருந்துச்சின்னு சொன்னாங்க.

உடம்புங்களை மாத்திக்கிறதுக்கு மீட்டிங். அதே மீட்டிங் டென்ட், அதே மேசை. ஆனா இந்த மேட்டுக்குப் பின்னாடி நம்ம ரெண்டு கம்பெனி நிக்குது. கட்டிட வேலைக்கு வந்த கம்பியெல்லாம் வெட்டி ஆளுக்கு ஒண்ணு. அந்த மேட்டுக்குப் பின்னாடி அவங்களும் அப்படித்தான் நின்னிருப்பாங்க. கர்னல் கையைக் கட்டித் தொங்க விட்டுக்கினு வந்தாரு. மூணு நாளா தூங்காத கண்ணு. உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாரு. "அவன் திமிரா ஒரு வார்த்தை பேசினா நான் எழுந்திருச்சி வெளிய போவேன். நான் வெளிய போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும்."

அவங்க பக்கம் அந்த வயசானவரு. பக்கத்துல லின். தாடையைக் கம்பியால கட்டியிருந்தாங்க, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்குது. பேச முடியாது. வேற ஆள் கிடைக்கல, அதனால ரெண்டு பக்கத்துக்கும் நானே பேசணும்னு ஏற்பாடு. லின் சும்மா கேட்டுக்கினு இருக்கணும். நான் ஏதாவது தப்பாச் சொன்னா எழுதிக் காட்டணும். முன்னாடி நோட்டு, பேனா.

அந்த வயசானவரு அன்னிக்கு மேசையைப் பாக்கல. நேரா எங்க கர்னலைப் பாத்துப் பேசினாரு. "நாங்க யோசிப்போம்னு சொன்னோம். நீங்க வந்து எங்க டென்ட்டைக் கொளுத்தினீங்க. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சின இந்தப் பையனை, ஆயுதம் இல்லாதவனை, வாயில அடிச்சீங்க. செத்தவங்க பத்துப் பேருக்கும் நீங்கதான் பொறுப்பு."

முடிச்சிட்டாரு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. கர்னலோட நல்ல கை மேசை விளிம்பைப் பிடிச்சிருக்குது, எழுந்திருக்கிறதுக்கு.

நான் சொன்னேன், "நடந்ததுக்கு வருத்தம் தெரிவிக்கிறாங்க, சாப்."

கர்னலோட கை மேசையை விட்டுது. தோள் ரெண்டும் இறங்கிச்சி. அப்பால தொண்டையைச் செருமிட்டு, "நாங்களும் வருத்தப்படறோம்னு சொல்லு. அவங்களும் பசங்களை இழந்திருக்காங்க"ன்னாரு.

அதை நான் சீனத்துல சொன்னேன். 'நாங்களும்'ல ஒரு 'உம்' இருக்குது பாருங்க, அதை மட்டும் எடுத்துட்டேன். "நாங்க வருத்தப்படறோம்"னு சொன்னேன். அந்தக் கிழவர் முகம் கொஞ்சம் இளகிச்சி. ஆனா ஆளு லேசுப்பட்டவரு இல்ல. லின் பக்கம் திரும்பி, "சரியாச் சொல்றானா?"ன்னு கேட்டாரு.

லின்னுக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியுமே. முதல்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருக்கான். பேனாவைத் திறந்து கையில வெச்சிருக்கான். என்னைப் பாத்தான். கண்ணு ஒண்ணு மூடிக் கிடக்குது, இன்னொண்ணாலதான் பாத்தான். வெளிய ஸ்ட்ரெச்சர் வெக்கற சத்தம் கேட்டுது.

அப்பால அவன் தலையை ஆட்டினான். சரின்னு. பேனாவை மூடி நோட்டு மேல வெச்சிட்டான்.

என்னைப் பாத்துப் பயந்துட்டான்னு நினைக்கிறேன். அடி வாங்கினவன் இல்லியா.

உடம்புங்களை மாத்திக்கினோம். ரெண்டு மேட்டுக்குப் பின்னாடி நின்னவங்களும் கம்பியைக் கீழ போட்டாங்க. அன்னிக்கு நான் உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தா முந்நூறு நானூறு பேர் அந்த ஆத்துல கிடந்திருப்பாங்க. நிறுத்தினது யாரு? நான். மறுநாள் பேப்பர்ல வந்துச்சி, 'எதிர்த்தரப்பு வருத்தம் தெரிவித்தது'ன்னு. மந்திரிங்க சந்திச்சாங்க. கைகுலுக்கினாங்க.

மெடல் லிஸ்ட் வந்துச்சி தம்பி. கர்னலுக்கு, சுபேதாருக்கு, எட்வினுக்கு, இன்னும் எட்டுப் பேருக்கு. என் பேரு இல்ல. விசாரணைல மூணு நாள் என்னைக் கேட்டாங்க. "பதினோராவது மீட்டிங்ல அவங்க சரியா என்ன வார்த்தை சொன்னாங்க?" நோட்டைக் காட்டினேன். எழுதியிருக்கிறதுதான் சொன்னதுன்னேன். அவங்களுக்குச் சீனம் தெரியாது, என்ன பண்ணுவாங்க? எழுதிக்கினாங்க. மணிக்கட்டுக்கு மெடிக்கல் போர்டு வெச்சி அனுப்பிட்டாங்க. ஒரு சண்டையை நிறுத்தினவனுக்கு ஒரு பாராட்டுக் கடுதாசி கூடக் கிடையாது. நியாயமா நீங்களே சொல்லுங்க.

சொல்ல வேணாம், விடுங்க.

இன்னிக்குக் காலையில எட்வின் வீட்டுக்குப் போயிட்டுத்தான் இந்த பஸ்ஸு ஏறினேன். நாலு வருஷமா போகல. அவன் சம்சாரம் சுகிர்தா போன் மேல போன் பண்ணிக்கினே இருந்துச்சி, ஒருவாட்டி வாங்கண்ணேன்னு. கருங்கல்லேர்ந்து உள்ள போகணும், ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வீடு. அவன் போட்டோ பெரிசா மாட்டியிருக்குது. அதுக்குப் பக்கத்துல, அதே அளவு பிரேம் போட்டு, பேப்பர்ல வெட்டினது. 'எதிர்த்தரப்பு வருத்தம் தெரிவித்தது.'

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெச்சிது. என்னால சாப்பிட முடியல, வயிறு சரியில்லன்னேன். தட்டை எடுக்காம எதுத்தாப்புல உக்காந்துக்கிச்சி.

"அண்ணே, மெடலைவிட எனக்கு அதுதான் பெருசு"ன்னு அந்த பிரேமைக் காட்டிச்சி. "கொன்னவனே வந்து மன்னிப்பு கேட்டானுவல்லா. அதுக்கப்புறம்தான் எனக்கு உறக்கமே வந்துது. நீங்கதானே அங்க இருந்தது? நீங்கதானே காதால கேட்டது?"

"நான்தான்ம்மா."

"நெஜமாட்டு கேட்டானுவளா?"

"கேட்டாங்க."

கண்ணைத் தொடச்சிக்கிச்சி. அப்பால கேட்டுச்சி, "அவனுவ பாசையில அத எப்பிடி சொன்னானுவ? எனக்கு ஒருக்க சொல்லிக் காட்டுங்கண்ணே. அர்த்தம் வேண்டாம். அந்தச் சத்தம் மட்டும் கேக்கணும்."

பதினோரு மீட்டிங்லயும் நான் தடுமாறினவன் இல்ல தம்பி. அங்க தண்ணி டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடிச்சேன். அப்பால சொன்னேன். "துய் பு ச்சி." என்னை மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம். அந்த வார்த்தையை ஸ்கூல்ல படிச்சதோட சரி. மேல ஒரு தடவை கூடச் சொல்ல வேண்டி வரல.

"இன்னொருக்க சொல்லுங்க"ன்னுது. சொன்னேன். அது வாயை அசைச்சிப் பாத்துது. "வாய்க்குள்ள வரமாட்டங்கே அண்ணே"ன்னு சிரிச்சிது, கண்ணுல தண்ணியோட. நான் மெதுவா சொல்லிக் குடுத்தேன். துய். பு. ச்சி. கடைசியில சத்தம் கீழ இறங்கி மேல வரணும்மா, அப்போதான் அர்த்தம் வரும்னேன். ரெண்டு தடவை தப்பாச் சொல்லிச்சி. திருத்தினேன்.

மூணாவது தடவை என் முகத்தை நேராப் பாத்துக்கினு, ஒரு இழுப்பு தப்பாம சொல்லிச்சி.